புதிய வேலை, பழைய கழிவறை: சேர்வதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

செல்வி_சக்கரம்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. வயது 29. பி.காம். முடித்த 2017-ல் பைக் விபத்து, முதுகுத்தண்டில் டி10 (நடுமுதுகு) இடத்தில் அடி. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. ஊர் திண்டிவனம் பக்கம். வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலை உறுதியானது. மாதம் 23,000. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

காரணம் கழிவறை. நேர்காணல் வீடியோவில் நடந்தது. எப்படி வருவீர்கள், எவ்வளவு நேரம் உட்கார முடியும், அடிக்கடி லீவு எடுப்பீர்களா என்று அவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

2021-ல் ஊருக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட இடமில்லை. அதனால் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். இரண்டு தடவை குளிர்க் காய்ச்சல், இரண்டாவது தடவை ஐந்து நாள் மருத்துவமனையில் ஊசி. சம்பளம் 9,000, ஆஸ்பத்திரிச் செலவு 14,000. வேலையை விட்டேன். "உடம்பு சரியில்லாத பெண், அதான் நிற்க முடியவில்லை" என்று ஊரில் பேச்சு.

இந்தத் தடவை சேர்வதற்கு முன் என்னென்ன கேட்கலாம்? எப்படிக் கேட்டால் வேலை கையைவிட்டுப் போகாது?

தென்காசிக்காரன்

தங்கச்சி, வாழ்த்துகள். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. எடுத்த எடுப்பில் கழிவறை, சாய்தளம், லிஃப்ட் என்று பட்டியல் நீட்டினால் "இது தொல்லை பிடித்த கேஸ்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான். நமக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறான்.

எனக்கு 54 வயது. போலியோ, இடது கால். முப்பது வருடம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன். கழிவறை மாடியில். ஒரு நாள்கூட முதலாளியிடம் கேட்டதில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கினேன். பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். முதலில் சேர், ஆறு மாதம் நல்ல பெயர் எடு, அப்புறம் கேள்.

பிரெய்ல்_மணி

அண்ணாச்சி, உங்கள் மாடிப்படி கதையை நான் மதிக்கிறேன். ஆனால் செல்வியால் கைப்பிடியைப் பிடித்து ஏற முடியாதே. ஆறு மாதம் பொறுத்தால் அவருக்குக் கிடைக்கப்போவது நல்ல பெயர் அல்ல, சிறுநீரகக் கோளாறு.

செல்வி, நான் வங்கியில் எழுத்தர், முழுப் பார்வையின்மை. சட்டம் கொஞ்சம் படித்தவன். உங்களுக்குப் பயன்படும் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்கு மட்டும். தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதன் பிரதியை மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், என்னென்ன வசதி இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும், ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். 2017 விதிகளில் 8-ஆம் விதி.

அதனால் "உங்கள் கழிவறையில் என் நாற்காலி நுழையுமா" என்று தொடங்க வேண்டாம். "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையின் பிரதியை அனுப்ப முடியுமா, தொடர்பு அலுவலர் யார்" என்று ஹெச்.ஆருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாமல் முழிப்பார்கள். முழிக்கட்டும். கழிவறைப் பேச்சை அந்த இடத்தில் நுழைத்துவிடலாம்.

ரமேஷ்_திருச்சி

தனியாரிலும் 5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே? வாட்ஸ்அப்பில் அரசாணையே (ஜி.ஓ.) பார்த்தேன்.

நிர்வாகி

ரமேஷ், அது ஒதுக்கீடு இல்லை. சட்டத்தின் 35-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், தனியார் நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு முதலாளிகளுக்கு ஊக்கம் தர வேண்டும், அதுவும் தன் நிதி வசதிக்கு உட்பட்டு. வைத்துக்கொள்ளாவிட்டால் தண்டனை என்று எதுவும் இல்லை. வாட்ஸ்அப் படங்களை இங்கே ஒட்ட வேண்டாம், போன மாதம் பட்டபாடு போதும்.

இனியா_பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் பாதி நாள், வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கிராமங்களுக்குப் போகிறேன்.

செல்வி, நீங்கள் செய்ததை என் நோயாளிகளில் வேலைக்குப் போகும் பெண்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகும். நேரத்துக்கு வெளியேற்றாவிட்டால் சிறுநீர்ப்பை நிரம்பி விரியும், தேங்கியதில் கிருமி வளரும். பை அழுத்தம் கூடினால் மேலே சிறுநீரகத்தையும் அது தொடும். வழக்கமாக நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர், ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் தேங்க விடக்கூடாது. உங்கள் யூராலஜி மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. எப்படிப் பார்த்தாலும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அலுவலகம் என்றால் அங்கே இரண்டு தடவை. கூடவே பயண நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கதவு மட்டும் போதாது. உள்ளே நாற்காலி திரும்ப இடம் (1,500 மி.மீ. விட்டம் என்பது கணக்கு), கை கழுவும் குழாய் எட்டும் உயரத்தில், பொருட்களை வைக்க ஒரு சின்னத் தட்டு, உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாள். கதவு அகலம் 900 மி.மீ. என்று மத்திய அரசின் 2021 வழிகாட்டி சொல்கிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஸ்கூட்டர் ஏற்றச் செங்குத்தாகப் போட்டிருக்கும் சிமென்ட் சரிவைக் காட்டி "ரேம்ப் இருக்கிறது" என்பார்கள், நம்பாதீர்கள்.

அப்புறம் படுக்கைப் புண். பெயர்தான் படுக்கைப் புண், வேலைக்குப் போகிறவர்களுக்கு வருவதெல்லாம் உட்கார்ந்து வருவதுதான். அரை மணிக்கு ஒரு தடவையாவது முன்பக்கம் நன்றாகக் குனிந்து, நெஞ்சு தொடையை நோக்கிப் போகும்படி இரண்டு நிமிடம். கையை ஊன்றிப் பத்து நொடி எழுந்து உட்கார்வது போதாது, ரத்தம் திரும்ப அவ்வளவு நேரம் பற்றாது. "என்ன தூக்கமா" என்று மேலாளர் கேட்பார். முதல் நாளே சொல்லி வையுங்கள். இரவில் உட்காருமிடத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அடுத்த நாள் உட்காரக்கூடாது. அந்த ஒரு நாள் லீவு தராமல் போனால் மூன்று மாத லீவு ஆகும்.

தென்காசி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி: இப்போது கால் எப்படி இருக்கிறது?

தென்காசிக்காரன்

ஏன் கேட்கிறீர்கள் டாக்டரம்மா? நாலு வருடமாக நல்ல காலும் ஓய்ந்துவிட்டது. மாடி ஏற முடியாமல்தான் கடையை விட்டேன். வயசுதானே.

இனியா_பிசியோ

டாக்டர் இல்லை அண்ணாச்சி, பிசியோதான். வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டு கழித்துப் புதிதாகத் தளர்ச்சி, அசதி, மூட்டுவலி வருவது உண்டு. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்பார்கள். போலியோவில் செத்த நரம்புகளின் வேலையையும் சேர்த்து இழுத்த மிச்ச நரம்புகள் தேய்ந்துபோவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். நோய் போய்விட்டது என்று எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது வந்துபோனவர்கள் இப்போது ஐம்பதைத் தொடுகிறார்கள், அவர்களை யாரும் தேடுவதில்லை.

இதற்குக் கடுமையான உடற்பயிற்சி மருந்து ஆகாது, தசை இன்னும் சோர்ந்துவிடும். அளவாக, ஓய்வு விட்டு. தைராய்டு, சர்க்கரை, முதுகு எலும்பு எல்லாம் பார்த்து வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்தப் பெயரையே சொல்ல வேண்டும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கமும் இருக்கிறதே, காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) அளவெடுக்கவாவது போய்ப் பாருங்கள்.

தென்காசிக்காரன்

ஆய்க்குடி ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். இருபது வருடமாக அந்த வழியாகப் போய் வருகிறேன், உள்ளே போனதில்லை. "அதெல்லாம் ரொம்ப முடியாதவர்களுக்கு" என்று ஒரு எண்ணம்.

அவினாசி_அம்மா

இழையைத் திருப்புவதாக நினைக்க வேண்டாம். என் மகனுக்கு 24 வயது, ஆட்டிசம். கோவையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் காகிதப் பை, கோப்பு அட்டை செய்கிறான். நேரம் தவறமாட்டான், எண்ணிக்கை தவறமாட்டான். 2016 சட்டம் வந்த பிறகு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநலம், கற்றல் குறைபாடு, பல்வகை எல்லாம் சேர்த்து ஒரு சதவீதம் ஒதுக்கினார்கள். சந்தோஷம். எழுத்துத் தேர்வு வழியாக மட்டுமே உள்ளே விடுவார்கள் என்றால் அந்த ஒரு சதவீதத்தில் என் மகன் எந்த வாசலில் நுழைவான்?

உடல்நலத்துக்கு நிராமயா காப்பீடு இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. வயது வரம்பு இல்லை, முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, தெரபிச் செலவும் வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் போச்சு. போன வருடம் மறந்தேன், அந்த வருடம்தான் பல்வலி வந்தது. வாயைத் திறக்க மாட்டான், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய முடியும் என்றார்கள். ஒரு சொத்தைப் பல்லுக்கு 38,000. காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஃபேக்டர்_பாபு

எங்கள் கதை இன்னொரு ரகம். ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் எளிதில் உறையாத குறைபாடு. 21 வகைக் குறைபாடுகளில் நாங்களும் உண்டு. அடையாள அட்டை உண்டு. ஆனால் 34-ஆம் பிரிவில் வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பாருங்கள்: பார்வை, செவி, கை கால் இயக்கம், அம்மா சொன்ன ஐந்தாறு. ரத்தக் குறைபாடுகள் எங்கேயும் இல்லை. தலசீமியா, சிக்கிள் செல், பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எல்லாருக்கும் இதே கதி. விருந்துக்குப் பத்திரிகை வந்தது, இலை மட்டும் போடவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி (ரத்தம் உறைய உதவும் மருந்து) இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு வேலைக்குப் போகும் அளவுக்கு உடம்பு தேறியிருக்கிறது. முன்பெல்லாம் முழங்காலில் ரத்தம் கட்டினால் மாதக் கணக்கில் படுக்கை. இப்போது சொல்லாமல் சேர்ந்திருக்கிறேன், ஒரு கூரியர் கிடங்கில். சொன்ன மூன்று இடத்திலும் "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள். எனவே நான் தென்காசி அண்ணாச்சி கட்சி.

பிரெய்ல்_மணி

பாபு, மறைக்கக்கூடியவர்கள் மறைக்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். கிடங்கில் தலையில் அட்டைப்பெட்டி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். முதலாளிக்கு வேண்டாம், நண்பனுக்கு.

செல்வி, உங்கள் சம்பளத்தை இப்போதுதான் கவனித்தேன். 23,000! இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. ஹெச்.ஆர். கணினியில் 21,000-ஐத் தாண்டினால் தானாகவே "பொருந்தாது" என்று வந்துவிடும், யாரும் திருத்தமாட்டார்கள். என் நண்பர் ஒருவருக்கு இரண்டு வருடம் இப்படியே போனது. உங்கள் யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணைத்து எழுதிக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், மாதம் 172, 173 ரூபாய்தான். முன்பே இருந்த நோய் என்று ஒதுக்க மாட்டார்கள், சிகிச்சை சேர்ந்த நாளிலிருந்தே. சந்தா நாட்கள் சேர்ந்த பிறகு, நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் வரும். இனியா சொன்ன அந்த "ஒரு நாள் உட்காரக்கூடாது" லீவுக்கு இதுதான் ஆதாரம். வெளியே தனியாகப் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்ல அவர்களுக்கு அனுமதி உண்டு.

கைமொழி_கண்ணன்

நான் செவித்திறன் இல்லாதவன். ஓசூர். சி.என்.சி. மெஷின். எழுத்து கொஞ்சம் தப்பு இருக்கும்.

தொழிற்சாலையில் எனக்குப் பிரச்சினை இல்லை. தீ எச்சரிக்கைக்கு சைரன் மட்டும் இருந்தது, கேட்டேன், சிவப்பு விளக்கு போட்டார்கள். 15 நாளில். கேட்டால் சில நேரம் நடக்கும்.

பிரச்சினை ஆஸ்பத்திரி. டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிறார்கள். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். என் எண் போய்விட்டது. நர்ஸ் திட்டினார், எனக்கு முகம் மட்டும் தெரிந்தது. டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார், உதடும் தெரியவில்லை. அரை நாள் சம்பளம் போனது. மறுபடி போகவில்லை. ரத்த அழுத்தம் 160. மாத்திரை ஒரு மாதம் இல்லை.

இனியா_பிசியோ

கண்ணன், அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை என்கிறது. சீட்டுப் பதியும் இடத்திலேயே யுடிஐடி அட்டையைக் காட்டி, "காது கேட்காது, எண் வந்தால் தொட்டுக் கூப்பிடுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிய காகிதத்தைக் கொடுங்கள். இப்படி ஒரு காகிதம் தேவைப்படுவதே எங்கள் பக்கத்துத் தவறு. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, என் துறையைப் பற்றி நானே சொல்ல வேண்டியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் நிறைய நடந்திருக்கிறது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நானும் வீட்டுக்கே போகிறேன், 2024-ல் ஐ.நா. விருதும் வந்தது. ஆனால் நான் போவது பகலில். மாற்றுத்திறனாளி பகலில் வீட்டில்தான் இருப்பார் என்பது எங்கள் அட்டவணையின் கணக்கு. வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் என் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். விழுப்புரத்தில் ஒரு பையன், தையல் கம்பெனியில் சேர்ந்தான். மூன்று தடவை போனேன், வீடு பூட்டு. நாலாவது தடவை அட்டையில் "வரவில்லை" என்று எழுதினேன். அடுத்து அவனைப் பார்த்தது ஆறு மாதம் கழித்து, உட்காருமிடத்தில் ஆழமான புண்ணோடு.

பிரெய்ல்_மணி

மருத்துவக் குழுவும் வேலை நாளில்தான் உட்காருகிறது. சான்றிதழைப் புதுப்பிக்க நான் எடுத்தது மூன்று நாள் தற்செயல் விடுப்பு. முதல் நாள் கண் மருத்துவர் இல்லை. இரண்டாம் நாள் அவர் வந்தார், கணினி இல்லை. மூன்றாம் நாள் என் கண் இன்னும் தெரியவில்லை என்று உறுதி செய்தார்கள்.

செல்வி_சக்கரம்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

மணி அண்ணா சொன்னபடி செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் போட்டேன். சம வாய்ப்புக் கொள்கை, தொடர்பு அலுவலர், இ.எஸ்.ஐ. வரம்பு, மூன்றே வரி. இரண்டு நாள் பதில் இல்லை. தென்காசி அண்ணன் சொன்னதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்து அழுதேன், மறைக்கவில்லை.

நேற்று ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கொள்கை "தயாராகிக்கொண்டிருக்கிறது" என்றார் (அதாவது, இல்லை). இ.எஸ்.ஐ. 25,000 அவருக்குப் புதுச் செய்தி, சம்பளப் பிரிவில் கேட்டுவிட்டு "ஆமாம், நீங்கள் சொன்னது சரி" என்றார். கழிவறையைப் பற்றி நானே பேச்சை எடுத்தேன். குரல் நடுங்கியது. தரைத்தளத்தில் ஒன்று இருக்கிறதாம், கதவு 28 அங்குலம். என் நாற்காலி 25. உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீங்களே வந்து பார்க்கிறீர்களா?" என்றார்.

அவினாசி_அம்மா

போ கண்ணு. அந்தப் பெண் நல்லவளாகத் தெரிகிறாள். தங்க இடம் பார்த்தாயா? வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. அங்கேயும் குளியலறையை நேரில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும், படத்தைப் பார்த்து வேண்டாம்.

ஃபேக்டர்_பாபு

பேருந்தா ஸ்கூட்டரா? 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரத்தில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறது, ஆனால் உங்கள் வழித்தடத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்பது ஓட்டுநருக்கே தெரியாது. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு போடுங்கள், வேலை உத்தரவு கையில் இருந்தால் மனு வலுவாக இருக்கும்.

தென்காசிக்காரன்

தங்கச்சி, நான் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கேட்டும் வேலை போகவில்லை பார். நானும் ஒரு நாள் கேட்டிருக்கலாமோ என்று இரண்டு நாளாக யோசனை. கீழே ஒரு சின்ன அறை சும்மாதான் கிடந்தது, பழைய பேப்பர் போட்டு வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை ஆய்க்குடி போகிறேன்.

செல்வி_சக்கரம்

திங்கட்கிழமை காலை போகிறேன். அப்பாவின் அளவு நாடாவைப் பையில் போட்டாயிற்று, தண்ணீர் பாட்டிலையும். கதவு, திரும்பும் இடம், குழாய் உயரம், தாழ்ப்பாள். இனியா அக்கா, வேறு ஏதாவது அளக்க வேண்டுமா?

இனியா_பிசியோ

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உள்பக்கம் திறந்தால், நீங்கள் உள்ளே போன பிறகு சாத்த முடியாது.